ஐந்தரை மணிக்குக் கரைக்குத் திரும்பிய படகு

கடலில் சூரியன் இறங்குவதைப் படகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை இவ்வளவுதான். எங்கள் பந்தலூரில் சூரியன் இறங்குவதே கிடையாது. சாயங்காலம் தேயிலை மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், இல்லாவிட்டால் பகல் முழுக்க மேகத்துக்குள்ளேயே இருந்துவிடும். அதனால் இந்த அரையாண்டு விடுமுறையில் நான், கணவர், எங்கள் நாய் மிளகு என்று மூன்று பேராகக் கடலோரம் இருக்கும் பேப்பூருக்குப் போய் வந்தோம். நாயோடு கடலில் படகுப் பயணம் போக முடியுமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். முடியும். நாயால் ஒரு தொல்லையும் இல்லை. கணவரைத்தான் யோசித்துக் கூட்டிப்போக வேண்டும்.

நாயை யாரிடமாவது விட்டுப்போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. மிளகுக்கு முன்னால் எங்களிடம் இன்னொரு நாய் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம் வாசலில் கட்டிப்போட்டுவிட்டு, தண்ணீர் மோட்டார் போட என் கணவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது சங்கிலி மட்டும் கிடந்தது. புலி கொண்டுபோய்விட்டது. நாங்கள் புலி என்றால் சிறுத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் அதற்கு நாய் என்றால் உயிர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். மாலை ஐந்தரைக்கு நாய் உள்ளே இருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும். கல்யாணம், சாவு, கிறிஸ்துமஸ் எதற்கும் விலக்குக் கிடையாது. எஸ்டேட் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிற மனிதர், நாய்க்காகவே பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார்.

காலை ஆறு மணிக்கு எங்கள் பழைய மாருதி வேனில் கிளம்பினோம். தேவாலா, நாடுகாணி, பிறகு மலைப்பாதை இறங்கி வழிக்கடவு, நிலம்பூர் வழியாகப் பேப்பூர். சுமார் 120 கிலோமீட்டர். நிறுத்தி நிறுத்திப் போனதில் பதினொன்றரை ஆகிவிட்டது. நாடுகாணி வளைவுகளில் மிளகு இரண்டு முறை வாந்தி எடுத்தது. நான் ஒரு முறை. எனக்கு எலுமிச்சம்பழம் எடுத்து வைக்க மறந்துபோன மனிதர், நாய்க்கு ஸ்வெட்டர் எடுத்து வைத்திருந்தார். கடற்கரைக்கு! நிலம்பூரில் டீ குடிக்க இறங்கியபோதே வேர்த்துக் கொட்டியது. நான் அந்த ஸ்வெட்டரைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை, நாளுக்கு 1,400 ரூபாய். நாய்க்குத் தனியாக 300. படகு பிடிப்பதில் சிரமமே இல்லை. ஆறு கடலில் சேரும் இடத்தில் வரிசையாக நிற்கின்றன. கூரை போட்ட சின்ன இயந்திரப் படகு ஒன்று, இரண்டரை மணி நேரத்துக்கு 1,800 ரூபாய் என்று பேசினோம். படகுக்காரர் பெயர் ஹம்சா, ஐம்பது வயதிருக்கும். மிளகைப் பார்த்ததும், "நாயும் கேறட்டே, குழப்பம் இல்லா" என்று அவரே தூக்கி ஏற்றிவிட்டார்.

நான்கு மணிக்குப் புறப்பட்டோம். ஆற்றுவாயின் இரண்டு பக்கமும் கருங்கல் கொட்டிய தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டு போகின்றன. அவற்றைத் தாண்டியதும் படகு தூக்கிப் போட்டது. என் கணவர் கூடுதலாக இருந்த மிதவை அங்கியை எடுத்து நாய்க்கு மாட்டி, கயிறு போட்டு முடிச்சுப் போட்டார். அங்கி மாட்டத் தெரியாமல் நான் தடுமாறிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவேயில்லை. ஹம்சாதான் மாட்டிவிட்டார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கரையை ஒட்டியே வடக்கே போனோம். தென்னைகள், மீன் காயப்போட்ட மணல், கிரிக்கெட் ஆடும் பையன்கள். மிளகு முன்பக்கம் போய் மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சூரியன் மஞ்சளாகி மெதுவாக இறங்கத் தொடங்கியது. ஆறு மணி தாண்டியதும் கடலைத் தொடும் என்றார் ஹம்சா.

ஐந்தேகாலுக்கு என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"ஏனுங்க, போட்டத் திருப்புங்க" என்றார்.

"எந்தா சாரே, வயறு சரியில்லையா?"

"அதில்லீங்க. நேரமாச்சு. நாய உள்ள விடணும்."

ஹம்சா என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவர் இயந்திரத்தையே நிறுத்திவிட்டார். "சாரே, இது கடலல்லே? கடலில் எவிடெ புலி?"

"தெரியுமுங்க" என்றார் என் கணவர். தெரியுமாம்! "ஆனா அதுக்கும் ஒரு மாதிரியா இருக்குது பாருங்க."

உண்மையிலேயே மிளகு முன்பக்கத்திலிருந்து எழுந்து வந்து பலகைக்கு அடியில் புகுந்து முனகிக்கொண்டிருந்தது. இருக்காதா பின்னே? மூன்று வருடமாக அந்த நேரத்தில் கதவுக்குள் தள்ளிப் பழக்கியிருக்கிறார். நாயைக் கெடுத்து வைத்துவிட்டு நாயையே சாட்சிக்கு அழைக்கிறார்.

படகு திரும்பியது. நான் பார்த்த சூரிய அஸ்தமனம், லாட்ஜ் ஜன்னலுக்கு எதிரில் இருந்த ஐஸ் ஃபேக்டரிச் சுவரில் விழுந்த கொஞ்சம் சிவப்பு வெளிச்சம். அன்றிரவு மீன் குழம்பு நன்றாக இருந்தது என்று அவர் சொன்னார்.

மறுநாள் காலையில் கறாராகச் சொல்லிவிட்டேன். "நா தனியாப் போறேன். நீங்களும் நாயும் கதவச் சாத்திக்கிட்டு உக்காருங்க."

"போய்ட்டு வா ஸ்டெல்லா" என்றார். சண்டை போடுவார் என்று பார்த்தால் இதற்கும் சண்டை இல்லை. எரிச்சல் இரண்டு மடங்கானது.

மஞ்சேரியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு சேர்ந்து அதே படகில் போனேன். என் பங்கு 400 ரூபாய். இந்த முறை யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. சூரியன் கடலைத் தொட்டது, அடிப்பக்கம் கொஞ்சம் அகன்றது, பாதியாகி, கீற்றாகி, இல்லாமல் போனது. பக்கத்தில் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் மஞ்சேரிக்காரரின் மாமியார் வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார். கூட வந்திருந்தால் இவருக்கு என்ன குறைந்து போயிருக்கும் என்று மறுபடியும் கோபம் வந்தது.

வானத்தில் வெளிச்சம் இருக்கும்போதே ஆற்றுவாய்க்குத் திரும்பினோம். தடுப்புச் சுவரின் முனைக்குப் பக்கத்தில் வந்தபோது ஹம்சா கை நீட்டினார். "சேச்சி, அது நம்மடெ சாரல்லே?"

அவர்தான். சுவரின் கடைசிக் கல்லில், மிளகைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு நின்றார். சுற்றிலும் கூட்டம், எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் டார்ச்சோடு, கரையைப் பார்த்து நின்றார். டார்ச் வெளிச்சம் கல் இடுக்குகளில் மெதுவாகப் போய் வந்துகொண்டிருந்தது. எங்கள் வாசலில் எப்படி நிற்பாரோ அப்படியே.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை.

துறையில் இறங்கி அந்த முனை வரைக்கும் நடந்தேன். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், அதிலும் கரடுமுரடான கல்.

"எப்ப வந்தீங்க?"

"நீ போன ஒடனே. ரூம்ல இருக்க முடியல. போட்டு தெரியுமான்னு பாக்கலாம்னு வந்தோம்."

"தெரிஞ்சுதா?"

"ஆறு மணி வரைக்கும் தெரிஞ்சுது. அப்புறம் இந்தப் பக்கம் பாக்க வேண்டியதாப் போச்சு." பிறகு, "நல்லா இருந்துச்சா?" என்றார்.

அங்கேயே நடந்த விஷயத்தை, அதற்கு முதுகைக் காட்டி நின்றவருக்கு எப்படி விளக்குவது? சூரியன் எப்படி அகன்றது, எப்படிக் கீற்றானது என்று, அவரையும் கல்லில் உட்காரவைத்து, கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். சொல்லி முடித்தபோது நன்றாக இருட்டிவிட்டது. மிளகு கல்லில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்தேன். அவர் எழவில்லை. டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"காத்து நல்லா இருக்குது. இன்னுங் கொஞ்ச நேரம் இருப்பமா?" என்றார்.

நான் உட்கார்ந்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நாய்க்கு நல்ல தண்ணீர் இரண்டு பாட்டிலாவது வேண்டும்; மிளகு கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு அரை நாள் படுத்தியது. மலை நாய்க்கு மதிய வெயில் தாங்காது, மணல் பாதத்தைச் சுடும், நான்கு மணிக்கு மேல் படகு பிடியுங்கள். கயிறு நீளமாக இருக்கட்டும். மிதவை அங்கியைக் கரையில் நிற்கும்போதே மாட்டிப் பழகுங்கள். ஸ்வெட்டர் வேண்டாம்.

அடுத்த நாள் மூன்று மணிக்கு ஊர் வந்து சேர்ந்தோம். கடற்கரையில் அவ்வளவு நேரம் இருட்டில் உட்கார்ந்த மனிதர் மாறியிருப்பார் என்று நான் நினைத்தேன். ஐந்தரைக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. தாழ்ப்பாள் போட்டது நான்தான்.