எட்டடிப் பலகையும் தம்பி வீட்டு ஹாலும்

மரவேலை மிஷின் விற்கும் கடையில் இன்ஸ்டலேஷன் வேலை பார்த்தவன் நான். கள்ளிக்குப்பத்தில் ஏகாம்பரம் என்பவர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பட்டறை போட்டார். வாசலைப் பார்த்த, பத்துக்குப் பத்து அறை. டேபிள் சா என்கிற மேசை ரம்பம் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"எடம் கரெக்டா கீதுல்ல சார்?" என்றார் பெருமையாக.

"மிஷினுக்கு இருக்கு. பலகை எங்க போகும்?"

"பலகை எங்க சார் போவும்?"

எட்டடி பிளைவுட்டை மிஷினுக்குள் தள்ளினால் அந்தப் பக்கம் எட்டடி வெளியே வரும் என்று விளக்கினேன். முன்பக்கம் வாசல், பிரச்சினையில்லை. பின்பக்கம் ஒரு கதவு, பூட்டிக் கிடந்தது.

"அத்த தொறக்க முடியாது. அந்தாண்ட என் தம்பி ஊடு. பாகம் பிரிச்சப்போ தண்ணி மோட்டாரால சண்டை. பேச்சே இல்ல."

"அப்ப பலகையைச் சின்னதா அறுத்துத்தான் உள்ள விடணும்."

"அத்த அறுக்கத்தான சார் மிஷினே வாங்கிக்கீறேன்?"

அலமாரிக் கதவுகளுக்கு ஆர்டர் வேறு பிடித்துவிட்டார். வேறு வழியின்றி நானே சுற்றிப் போய்த் தம்பி தாமு வீட்டுக் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"சத்தம் எப்பிடியும் என் ஊட்டுக்குத்தான் வரப்போவுது. பலகையும் வரட்டும்," என்று சோபாவை நகர்த்தினார்.

கதவு திறந்தது. முதல் பலகை ஓடியது. வெளியே வந்த முனையைத் தாமு பிடித்துக்கொண்டார்.

"மெதுவா தள்ளச் சொல்லுங்க," என்றார் என்னிடம்.

"ஒயுங்கா புடிக்கச் சொல்லுங்க," என்றார் அண்ணன், அவரும் என்னிடம். இருவருக்கும் நடுவே ஒரு பலகை நீளம்தான் இடைவெளி.

பாதியில் அறுத்த பிளவு நெருங்கி பிளேடைக் கவ்வ ஆரம்பித்தது. கவ்வினால் பலகை பின்னால் பாய்ந்து தள்ளுகிறவர் வயிற்றில் இடிக்கும். நான் வாய் திறப்பதற்குள் தாமு கத்தினார்.

"ண்ணா, ஆஃப் பண்ணு!"

ஏகாம்பரம் ஸ்விட்சைத் தட்டினார். பிளேடு நின்றது.

"நீ ஏன்டா தூக்கிப் புடிக்கிற?"

"நீ கோணலா தள்ளினா நான் இன்னா பண்றது?"

சண்டை நன்றாகப் பிடித்துக்கொண்டது. மோட்டார் விஷயமும் வந்தது. என் மூலமாகப் பேச வேண்டிய அவசியம் இனி இருவருக்கும் இல்லை என்று தெரிந்ததும் டூல்ஸை எடுத்துவைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பிறகு சர்வீஸுக்குப் போனபோதும் இருவரும் திட்டிக்கொண்டேதான் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பலகை நேராக வந்தது.

வீட்டில் பட்டறை போட நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மிஷினுக்கு முன்னால் எட்டடி வேண்டும், பின்னால் எட்டடி வேண்டும். பின்னால் இருக்கிற எட்டடி யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். அவர் எந்நேரம் வீட்டில் இருப்பார் என்பதையும்.