வாப்பாவின் பென்சனும் என் வைப்புப் பணமும்

வாப்பாவுக்கும் எனக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் வாக்குவாதம் வரும்: வயது போன காலத்தில் எதை நம்பி இருப்பது. வாப்பா அரசாங்க எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கற்பிட்டிப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தொழில்நுட்பவியலாளர். அவர் பென்சன் என்பார். நான் சேமிப்பு என்பேன்.

என்னிடம் காரணங்கள் வரிசையாக இருந்தன. சாமான் விலை ஏறும் வேகத்தில் பென்சன் ஏறாது. அரசாங்கம் நினைத்தால் விதியை மாற்றும். எனக்கோ அரசாங்க வேலையே இல்லை. நான் விரல் மடித்துச் சொல்லி முடிக்கும்வரை வாப்பா பாணைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"சேமிப்ப நாங்க பார்த்துட்டம் மகள்," என்பார். "தொண்ணூறில எங்கட ஆக்கள எல்லாம் விரட்டி மன்னார விட்டு வரக்க காசு போச்சு, உம்மாட நகை போச்சு, வீடும் போச்சு. இங்க புத்தளம் முகாமில கிடக்கக்க என்னத் தேடி வந்தது சம்பளம் மட்டும்தான். ஆராலயும் பிடுங்க ஏலாத காசு எண்டா அது பென்சன்தான்."

"ரெண்டு பேரும் கிழடாகிறதுக்கு முந்திச் சாப்பிட்டு முடிங்க," என்று உம்மா குசினிக்குள் இருந்து சொல்வார்.

நான் வாயால் மட்டும் வாதாடவில்லை. இரண்டு வருடமாகச் சம்பளத்தில் ஒரு பங்கைப் புத்தளத்தில் ஒரு வங்கியில் நிலையான வைப்பில் போட்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்குப் பெண்பிள்ளையின் பேரில் பணம் இருப்பது தெரிந்தால் அது கல்லும் சீமெந்துமாகி, அவள் கல்யாணத்துக்கு ஒரு வீடாக எழும்பிவிடும். எனக்கு வீடு வேண்டாம். அது என் பணம் என்றுகூட நான் நினைத்ததில்லை. அறுபது வயதில் இருக்கப்போகும் ஒருத்திக்காக நான் பாதுகாத்து வைத்திருக்கும் பணம் என்றே நினைத்திருந்தேன்.

நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வாப்பா மவுத்தானார். என் வேலை ஒப்பந்தமும் அந்த நேரத்தில் முடிந்து, புதுப்பிக்கும் கடிதம் வராமல் இருந்தது. வாப்பாவின் பென்சன் நின்றது. இனி உம்மாவுக்கு விதவைப் பென்சன் வர வேண்டும். அதற்கு உம்மா நேரில் வந்து கையொப்பமிட வேண்டும் என்றார்கள். உம்மாவோ கணவன் இறந்தால் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டார்.

பென்சன் பிரிவில் இருந்த சிங்களப் பெண்மணிக்கு இது புதிதல்ல. தங்கையை அழைப்பதுபோல் அழைத்துச் சொன்னார். "தெரியும் நங்கி. முடிஞ்ச பிறகு அம்மாவக் கூட்டிட்டு வாங்க. அரியர்ஸ் எல்லாம் சேத்து வரும். காசு எங்கயும் போகாது."

அவசியம் என்றால் வெளியே போய் வரலாம் என்று மௌலவி சொன்னதை உம்மாவிடம் சொன்னேன்.

"பசிச்சாப் போறன்," என்றார் உம்மா.

பசிக்கவில்லை. மவுத்து வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் மூன்று நாள் சாப்பாடு தருவது வழக்கம். எங்களுக்கு மூன்று நாளோடு நிற்கவில்லை. ஒரு நாள் மீன் ஆணம், ஒரு நாள் இடியப்பம் என்று மூடிய கோப்பைகள் மதில் மேலால் வந்துகொண்டே இருந்தன. நான் கோப்பைகளைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். வைப்பு முதிர இன்னும் நாலைந்து மாதம் இருந்தது. இடையில் முறித்தால் வட்டி குறையும். அரியர்ஸ் வரும், ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படும், அதுவரை இப்படியே சமாளிக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். இறந்தவரின் வீட்டில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு மீன் ஆணத்தைத் தின்றபடி, வட்டி குறையாமல் பார்த்துக்கொண்டேன்.

நோன்பின் நடுவில் பள்ளிவாசலிலிருந்து இரண்டு பேர் முச்சக்கரவண்டியில் ஒரு மூட்டை அரிசியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். ஸகாத் அரிசி. வசதி உள்ளவர் கொடுக்க வேண்டிய பங்கைப் பள்ளி சேர்த்து, வருமானம் இல்லாத வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று அவர்களுக்குத் துஆ சொன்னார். அன்று அந்த அரிசியில்தான் நோன்புக் கஞ்சி காய்ச்சினோம்.

நோன்பு திறந்த பிறகு உம்மா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். "போன வருஷம் வாப்பா பென்சன் எடுத்துட்டு வந்து ஸகாத்துக்கு ஒதுக்கினார்," என்றார். "இந்த வருஷம் எங்கட வாசலுக்கு வந்து இறங்குது."

அவரைத் தேற்ற நினைத்துத்தான் வாயைத் திறந்தேன்.

"உம்மா, என்னட்டக் காசு இருக்கு. பேங்கில போட்டு வெச்சிருக்கன்."

எவ்வளவு என்று கேட்பார் என எதிர்பார்த்தேன்.

"எவ்வளவு நாளா?" என்றார்.

"ரெண்டு வருஷமா."

"ஸகாத் குடுத்தியா?"

ஒரு வரம்புக்கு மேற்பட்ட பணம் ஒரு வருடம் கையில் இருந்தால் அதில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்குரியது. மதரசாவில் ஏழு வயதில் படித்தது. என் கணக்குத் தாளில் பணவீக்கத்துக்கு ஒரு நிரல் இருந்தது. வட்டிக்கும் வரிக்கும் நிரல்கள் இருந்தன. இதற்கு ஒரு நிரல் போட எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப நீ குடுக்க வேண்டியவள்," என்றார் உம்மா. சத்தம் உயரவில்லை. "குடுக்க வேண்டிய வீட்டில இருந்துகொண்டு நான் வாங்கித் திண்டிருக்கன்."

அடுத்த நாள் வைப்பை முறித்தேன். வட்டி எவ்வளவு என்று உம்மா கேட்டார். வட்டி மார்க்கத்தில் ஆகாத காசு, அதை வீட்டுக்குள் எடுக்க வேண்டாம், பள்ளிக் கக்கூஸ் திருத்தக் கொடு என்றார். பிறகு மூட்டையைக் காட்டினார். அவரால் வெளியே போக முடியாது. நான்தான் கொண்டுபோக வேண்டும்.

பள்ளியின் அலுவலகமான கந்தோரில் வாப்பாவின் கூட்டாளியான ஒரு நானா இருந்தார். வாய் திறந்திருந்த மூட்டையைப் பார்த்தார்.

"அரிசியில வண்டா மகள்?"

"இல்ல நானா. உம்மா திருப்பிக் குடுக்கச் சொன்னா. சமைச்ச அளவுக்கும் காசு தாறன்."

"உம்மாக்கு இது ஆகும். அவட பேருக்கு எந்த வருமானமும் இல்லையே."

"வீட்டில காசு இருக்கெண்டு சொல்லச் சொன்னா."

"ஆர்ட காசு?"

"என்ட."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வாப்பா சொல்லுவார், எங்கட வீட்டில ஒரு சேமிப்புக் கட்சி இருக்கெண்டு. வெறும் வாய்க் கதை எண்டுதான் நாங்க எல்லாரும் நினைச்சம்."

அவர் குத்திப் பேசவில்லை, சிரித்துத்தான் சொன்னார். பக்கத்து மேசையில் இருந்தவரும் சிரித்தார். இரண்டு வருட ஸகாத்தையும் எடுத்து வைத்தேன்.

மிஞ்சிய பணத்தில் இத்தா முடியும்வரை வீடு நடந்தது. மதில் மேலால் கோப்பைகள் வருவதை உம்மாவே நிறுத்தினார். என்ன காரணம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் சாச்சி அதன் பிறகு என்னைக் கண்டால், "என்ன மகள், பேங்க் திறந்திருக்கா?" என்பார்.

இத்தா முடிந்த கிழமை உம்மாவைப் பென்சன் கந்தோருக்குக் கூட்டிப்போனேன். கையொப்பமிட்டார். சில வாரங்களில் பென்சன் அரியர்ஸோடு வந்து சேர்ந்தது. நான் நம்பாத பணம் சொன்னபடி வந்தது. வங்கியிலிருந்து திரும்பிய உம்மா அபாயாவைக் கழற்றுமுன் ஒரு காசுக் கட்டை என் முன் நீட்டினார்.

"வீட்டுக்குச் செலவழிச்சது. பிடி."

"வேணாம் உம்மா."

"எனக்கு வாப்பாட பென்சன் இருக்கு. உன்ட கிழட்டுக் காலத்துக்கு உனக்கு ஆர் இருக்கு?"

நானும் நீங்களும் ஒன்றுதான், இது கடன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய வசனம் அது என்று எனக்குத் தெரிந்தும் இருந்தது. சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன். அவர் முன்னால் எண்ணவில்லை. மரியாதைக்காக எண்ணாமல் விட்டேன் என்று சொன்னால் பொய். உம்மா ஒரு ரூபாய் குறையாமல் எண்ணித்தான் தந்திருப்பார் என்பது எனக்குத் தெரியும்.