ஆஸியாவின் நோன்பும் காடித் தண்ணீரும்

நசீர் பாய்க்கு முழுசாக எதுவும் கிடைத்ததில்லை. வாழ்க்கையைச் சொல்லவில்லை. தாராவியில் தோல் பெல்ட் தைக்கிற சொந்தப் பட்டறை, கல்யாணில் கட்டிக்கொடுத்த மகள், பதமாக நெய்ச்சோறு ஆக்கிப்போடும் மனைவி ஆஸியா என்று மனிதருக்கு ஒரு குறையும் கிடையாது. நான் சொல்வது சேற்றில் கிடைப்பதை.

செம்பூரைத் தாண்டி மாஹுல் பக்கம் கடல் உள்ளே நுழைந்து கிடக்கிற இடத்தைப் பம்பாயில் காடி என்பார்கள். தண்ணீர் இறங்கிவிட்டால் கண்ணுக்கெட்டிய மட்டும் சேறுதான். அந்தச் சேற்றில் பழைய காலத்துச் சாமான்கள் புதைந்து கிடக்கின்றன. நீலப் பூப்போட்ட பீங்கான், எழுத்துத் தேய்ந்த செப்புக்காசு, கப்பல் ஆணி, சிவப்புக் கல்மணி, கல்லாகிப்போன சிப்பி. எந்த ஊர்க் கப்பல்காரன் எப்போது போட்டானோ. நசீர் பாய் இவற்றைப் பொறுக்கி வந்து, தோல் துடைக்கிற பிரஷ்ஷால் துடைத்து, பிஸ்கட் டின்களில் போட்டு வைத்திருந்தார். விற்கமாட்டார், யாருக்கும் கொடுக்கவும் மாட்டார். அத்தனையும் உடைசல். காதறுந்த குடுவை, பாதித் தட்டு, மூக்கில்லாத கெண்டி. முழுசாக ஒன்றே ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அதோடு சேற்றை விட்டுவிடுவேன் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். குடிகாரனும் இதையேதான் சொல்வான்.

கூடப் போவது நான். பெயர் ஸ்டெர்லின், கோவண்டியில் குடியிருக்கிறேன், லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலை. நீச்சல் தெரியாதவனுக்குக் காடியில் என்ன வேலை என்று என் மனைவி சுஜா கேட்காத மாதமில்லை. ஒரு கல்மணி கிடைத்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

காடி எல்லா நாளும் ஒன்றுபோல வற்றாது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் அடிச்சேறு தெரிகிற அளவுக்கு இறங்கும். அதுவும் நாளுக்கு முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும். இன்று மாலை ஐந்தே முக்காலுக்கு வற்றினால் நாளை ஆறரைக்குத்தான் வற்றும். இதைச் சொல்ல என் போனில் ஒரு ஆப் இருந்தது. நசீர் பாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கடல் உம்ம போனைக் கேட்டுக்கிட்டா வருது என்பார். அவருக்குப் பிறைக் கணக்கு போதும். அந்தப் பிறையைக்கூட அவர் வானத்தில் பார்ப்பதில்லை, வீட்டில் பார்ப்பார். ஆஸியா மாதம் தவறாமல், பௌர்ணமியை ஒட்டி வரும் பிறை பதிமூன்று, பதினான்கு, பதினைந்து ஆகிய மூன்று நாளும் நோன்பு வைப்பவள். விடியுமுன் நோன்புச் சாப்பாட்டுக்கு அடுப்படியில் பாத்திரம் உருண்டால் பதிமூன்று. இரண்டாம் முறை உருண்டால் பதினான்கு. மூன்றாம் நோன்பு என்றால் பதினைந்து, காடி ஆறரைக்கு வற்றும், இருட்டுமுன் திரும்பிவிடலாம். மனைவியின் பசியை வைத்துக் கடலை அளந்துகொண்டிருந்த மனிதர் அவர். ஒருமுறையும் பிசகியதில்லை; நானும் ஆப்பைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டிருந்தேன்.

அந்த ஜனவரி மாதம்தான் பிசகியது. மூன்றாம் நோன்பு என்று நம்பி இறங்கினோம். தண்ணீருக்கோ அது இரண்டாம் நாள். எங்களுக்குத் தெரியாமலே கையிலிருந்த முக்கால் மணி நேரம் போய்விட்டிருந்தது.

கரையோர டீக்கடையில் வழக்கம்போலப் போன்களைக் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு பலகையோடு சேற்றில் இறங்கினோம். கால் புதைந்தால் பலகையைப் போட்டு ஏறிக்கொள்ள வேண்டும். கரைக்கும் நாங்கள் தேடுகிற சேற்றுத் திட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை உண்டு. வற்றும்போது முழங்காலளவுதான் இருக்கும். ஆனால் கோலி மீனவர்கள் பர்த்தி என்று சொல்லும் ஏறுதண்ணீர் வரும்போது முதலில் நிரம்புவது அதுதான். திட்டு காய்ந்து கிடக்கும், நாமும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருப்போம், முதுகுக்குப் பின்னால் வழி அடைபட்டிருக்கும். அந்த ஓடையை நான் எப்போதும் நசீர் பாயின் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் தாண்டுவேன்.

ஓடையைத் தாண்டும்போது நண்டு பிடிக்கிற கோலிப் பெண்கள் இரண்டு பேர் கூடையோடு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வற்றுமுன்பே எதற்குத் திரும்புகிறார்கள் என்று கேட்டேன். கூடை நிறைஞ்சிருக்கும் என்று சொல்லிவிட்டு நசீர் பாய் நடந்தார். நானும் நடந்தேன்.

திட்டின் கடைசியில், அதுவரை நாங்கள் போயிராத இடத்தில், கறுப்பாக ஒரு வளைவு தெரிந்தது. நசீர் பாய் மண்டியிட்டுக் கையால் சேற்றை வழித்தார். வாய் விளிம்பு வந்தது, ஒரு கீறல் இல்லை. கழுத்து வந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் கயிறு கோர்க்கிற காதுகள், இரண்டும் இருந்தன. பெரிய குடத்தளவு ஜாடி. அவர் உள்ளங்கையால் விளிம்பை ஒரு முழுச் சுற்றுத் தடவிப் பார்த்தார்.

"வே, முழுசுவே," என்றார்.

இரண்டு பேரும் தோண்டினோம். ஒரு கை சேற்றை அள்ளினால் இரண்டு கை சேறு உள்ளே சரிந்தது. ஜாடி அசையும், பிறகு அமர்ந்துகொள்ளும். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது நாங்கள் நடந்து வந்த காலடிக் குழிகளில் தண்ணீர் மினுங்கியது. சொன்னேன். அது ஊற்றுத் தண்ணீர் என்றார். ஓடைப் பக்கம் பார்த்தேன். வரும்போது அதில் ஒரு தெர்மோகோல் துண்டு கடலைப் பார்த்து மிதந்து போயிற்று. இப்போது ஒரு துண்டு கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"பாய், தண்ணி ஏறுது."

"ஏறாதுவே. ஆறரைக்குத்தான் திரும்பும். இன்னைக்கு மூணாம் நோம்பு."

நான் அவர் தாடையைப் பிடித்து ஓடைப் பக்கம் திருப்பினேன். அப்படி ஒருநாளும் செய்தவனில்லை. தெர்மோகோல் நிற்காமல் கரைப்பக்கம் போவதை அவர் பார்த்தார். அப்போதும் கண்ணை நம்புவதா நோன்பை நம்புவதா என்று அந்த மனிதருக்குத் தடுமாற்றம். பிறகு முகம் வெளுத்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. ஒரேயொரு தடவை என்று ஜாடியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து இழுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருப்பேன். தனியாக ஓடையைத் தாண்டும் தைரியம் இல்லாததால் நின்றேன். சேறு ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. ஜாடி வெளியே வந்துவிட்டது.

ஓடைக்கு வந்தபோது தண்ணீர் இடுப்புக்கு இருந்தது. முன்னால் அவர், தோளில் சேறு நிரம்பிய ஜாடி, அக்குளில் பலகை. பின்னால் நான். பாதி வழியில் என் வலது கால் முழங்கால் வரை இறங்கியது. இழுத்தேன், இடது காலும் இறங்கியது. என் பலகை கையிலிருந்து நழுவி மிதந்து போயிற்று. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. கரையில் டீக்கடை விளக்கைப் போட்டுவிட்டார்கள், அது நன்றாகத் தெரிந்தது. அங்கிருந்து யாரும் வந்து சேர்வதற்குள் தண்ணீர் தலைக்கு மேல் போய்விடும் என்பதும் தெரிந்தது. சுஜாவுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் நினைத்தேன், பதில் சொல்ல நான் இருக்கப்போவதில்லை என்பது உறைக்காமல்.

நசீர் பாய் திரும்பி வந்தார். ஒரு கையால் தோளில் ஜாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டைதான் கிழிந்தது. மறுபடி கையைப் பிடித்து இழுத்தார். ஒரு கை போதவில்லை. தண்ணீர் என் கழுத்தைத் தொட்டது. அவர் என்னைப் பார்த்தார், தோளைப் பார்க்கவில்லை. தோளைச் சாய்த்தார். ஜாடி தண்ணீரில் விழுந்து, மிதக்காமல், நேரே அடிக்குப் போய்விட்டது.

பிறகு இரண்டு கையும் என் அக்குளுக்குள் வந்தன. "மல்லாக்கச் சாயும்வே. காலை மறந்துரும். என் பலகையில முதுகை வையும்," என்றார். சாய்ந்தேன். வானம் சிவந்திருந்தது. சேறு ஒவ்வொரு காலாக, மனசில்லாமல் விட்டது. அலையாத்திச் செடிகளின் வேரைப் பிடித்து நாங்கள் கரையில் விழுந்தபோது எங்கோ பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு சொன்னார்கள். நசீர் பாய் ஒருமுறை திரும்பி ஓடையைப் பார்த்தார். திட்டே காணாமல் போயிருந்தது.

எங்களை ஏற்றிக்கொள்ள டாக்ஸிக்காரர் சீட்டில் பிளாஸ்டிக் விரிக்கச் சொன்னார். தாராவிக்குப் போய்ச் சேரும்வரை பாய் ஒரே கேள்வியைத்தான் முனகிக்கொண்டிருந்தார். மூணாம் நோம்பு எப்படித் தப்பும்?

கதவைத் திறந்த ஆஸியா எங்கள் கோலத்தைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே தட்டில் பேரீச்சம்பழமும் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும் தொடாமல் இருந்தன. பாங்கு சொல்லி எவ்வளவோ நேரமாகியும் அவள் நோன்பு திறக்கவில்லை. போன் எடுக்காத புருஷனை நினைத்துத் தொண்டையில் இறங்கவில்லை என்றாள்.

"இன்னைக்கு எத்தனையாம் பிறை?" என்றார் அவர், செருப்பில்லாத காலோடு வாசலில் நின்றபடியே.

"எங்க உம்மாவுக்குப் பதினஞ்சு. இங்கத்த பள்ளிக்குப் பதினாலு."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தென்காசிப் பக்கத்து ஊரில் அவளுடைய உம்மா இப்போது தனியாக இருக்கிறாள். தனக்கென்று சமைத்துச் சாப்பிட மனசில்லாத பெண்மணி. அதனால் இந்த மாதத்திலிருந்து தாயும் மகளும் ஒரே நாளில் நோன்பு வைத்து, போனில் பேசிக்கொண்டே திறப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். உம்மாவின் பக்கத்தார் பிறையைக் கண்ணால் பார்க்கக் காத்திருக்காமல் கணக்குப் போட்டு மாதம் தொடங்குகிறவர்கள். பம்பாய்க்கு ஒரு நாள் முந்திவிடுவார்கள். பிறை பார்க்கிற விஷயத்தில் நம்மவர்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி என்று பெருநாள்தோறும் கேலி பேசுகிற நசீர் பாய்க்கு, தன் அடுப்படி கட்சி மாறியது தெரியவில்லை.

நான்தான் அவளுக்கு நடந்ததைச் சொன்னேன். எந்தக் கணக்கை நம்பி இறங்கினோம் என்பதையும் சொன்னேன். அவள் நோன்பு திறக்கக் கையில் எடுத்த தட்டைத் திரும்பக் கீழே வைத்தாள்.

"என் நோம்பைப் பாத்தா இத்தன வருஷமும் தண்ணியில எறங்குனீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாயா தேஞ்சிரும்?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து இங்கத்துப் பிறைக்கே வைக்கிறேன், உம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். கிழவி அங்கே தனியாகத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பது எனக்கே கண்ணில் வந்தது.

நசீர் பாய் டீக்கடையிலிருந்து வாங்கிவந்த போனைச் சட்டைப்பையில் தேடி எடுத்தார். கையெல்லாம் சேறு. அதைத் துடைக்காமலே என்னிடம் நீட்டினார்.

"வே, அந்தத் தண்ணி பாக்குற சமாச்சாரத்தை இதுல போட்டுத் தாரும். இவ உம்மாகூடவே நோம்பை வச்சுக்கட்டும்."

வேறு ஒருநாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வருஷம் கேலி செய்திருப்பேன். அன்று கையோடு வாங்கி, திரையைத் துடைத்து, ஆப்பை இறக்கத் தொடங்கினேன். தாராவி நெட்டில் எதுவும் மெதுவாகத்தான் இறங்கும். அது முடியும் வரை ஆஸியா அவர் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், சேறு போகப் போக ஊற்றினாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தாள்.