பத்தடி தள்ளி நின்று பார்த்த அட்டை

போன வாரம் திருமயத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்குப் போயிருந்தேன், செல்வராணி டீச்சரோடு. வல்லத்திராக்கோட்டைக்காரர். அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு அச்சுக்குப் போக இருக்கிறது. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் கணவர் முத்துவைப் பற்றித்தான் அத்தனை கவிதையும். அதனால் அட்டையிலும் அவர் முகம்.

"அண்ணே, அட்டை நல்லாருக்கான்னு நீங்கதான் சொல்லணும்" என்று முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் புத்தகம் போடுகிறவர்கள் அட்டையை என்னிடம் காட்டிக் கேட்பது வழக்கம். நீல வானம், மேகம், நடுவில் சிரித்த முகம். என்ன குறை? நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டேன்.

குறை... ஃபோன் திரையில் தெரிகிற மாதிரிக் குறை இல்லை அது.

அட்டையை டிசைன் செய்தவர் கடைக்காரர் பஷீர். வெளியீட்டு விழா பேனருக்காக அதே அட்டையை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மெஷினில் ஓட விட்டிருந்தார். மெஷின் இடமும் வலமுமாக ஓடி, கொஞ்சம் கொஞ்சமாகப் படத்தை இறக்கிக்கொண்டிருந்தது. முதலில் மேகம். அப்புறம் நெற்றி. அப்புறம் கண்கள்.

கண்கள் வந்ததும் ஏதோ இடறியது. ஏன் என்று எனக்கு உடனே விளங்கவில்லை.

வாசலில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தவர், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சின்ன வயசாத் தெரியுதே... எப்பங்க எடுக்குறாக?"

சாவு வீட்டு வாசலில் கேட்கிற கேள்வி!

"எங்க வீட்டுக்காரருங்க. நல்லா இருக்காரு" என்றார் டீச்சர்.

"தப்பா நெனைக்காத ஆத்தா..." பெரியவர் பின்வாங்கிவிட்டார்.

பஷீர் தலையில் கை வைத்தார். "டீச்சர்... இந்தக் கையி வருஷக் கணக்கா கண்ணீர் அஞ்சலி பேனர்தான் பண்ணுது. மொகத்த வெளுப்பாக்குறது, பின்னாடி மேகம் வைக்கிறது... பழக்கத்துல அதுவா வந்துருச்சு."

டீச்சர் ஃபோனை எடுத்தார். சிங்கப்பூருக்கு ரிங் போனது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

"மெஷின நிறுத்துங்க தம்பி!"

பஷீரின் விரல் பட்டன் வரைக்கும் போய் நின்றது. "நிறுத்திரலாங்க. ஆனா கண்ணோட நின்னுரும். வாயி இல்லாம..."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஊருக்கெல்லாம் பகுத்தறிவு பேசுகிறவன் நான். நானும் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"முடிச்சிருங்க" என்றார் டீச்சர். "பாதியில விடாதீங்க."

மூக்கு இறங்கியது. மேலுதடு. பிறகு அந்தச் சிரிப்பு. அவ்வளவு நேரமும் டீச்சர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மெஷின் ஓய்ந்த பிறகுதான் முத்து கூப்பிட்டார். "வேலை நேரத்துல ஃபோன லாக்கர்ல வச்சிருவேன்னு ஒனக்குத் தெரியாதா? என்னத்துக்கு இத்தன மிஸ்டு கால்?"

திட்டு வாங்கி ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீடியோவில் பேனரைக் காட்டினார்.

"யாரு இது?"

"நீங்கதாங்க."

"நானா...? ஃபோன அங்கிட்டுத் திருப்பு மொதல்ல."

அழகில்லாத அட்டைதான் தோற்கும் என்று நினைத்திருந்தேன். இந்த அட்டை அழகாகத்தான் இருந்தது! ஆனால் புத்தகத்தைத் திறக்கும் முன்பே ஊர்க்கண் அட்டையைப் படித்துவிடுகிறது — தினம் தினம் ரோட்டோரம் பார்த்துப் பழகியதை வைத்து. வேறெங்கோ வெறும் வானமாக இருக்கிற நீல மேகம், எங்கள் பக்கத்தில் வேறு சேதி சொல்லும். இனி எனக்கு அட்டை அனுப்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பெரிதாக்கிச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் கட்டைவிரல்.

டீச்சர் புத்தகத்துக்கு இப்போது புது அட்டை. கயிறு போட்டுக் கட்டிய சிங்கப்பூர்ப் பெட்டி ஒன்று, வீட்டு வாசலில், பாதி பிரித்தபடி. ஆள் ஊருக்கு வந்துவிட்டார் என்று பார்த்ததும் தெரிகிறது.

அந்த பேனர்? டீச்சர் எடுத்துப்போக மறுத்துவிட்டார். கிழித்துப் போடச் சொன்னதற்கு பஷீர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "உசுரோட இருக்க மனுசன் மொகத்துல எப்புடிங்க கத்தரி வைக்கிறது?" சுருட்டியபடி கடை மூலையில் நிற்கிறது.

நேற்று அந்த வழியாகப் போனேன். பஷீர் நாற்காலியை மூலையைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தார் — அந்த பேனருக்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லையாம்.