நெகட்டிவ் இரத்தமும் ஒரு பொய்யும்

எங்கள் ஊரில் தன் இரத்த வகை தெரியாத ஆட்கள் குறைவு. பள்ளிவாசலில் இரத்ததான முகாம் நடக்கும்போதெல்லாம் ஏ, பி, ஓ என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். அந்த எழுத்துக்குப் பின்னால் வரும் பொஸிட்டிவ், நெகட்டிவ்வைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எனக்கு ஏ நெகட்டிவ், என்னைக் கட்டிய மச்சானுக்கு ஏ பொஸிட்டிவ். கல்யாணமான புதிதில், ஏ-க்கு ஏ நல்ல பொருத்தம் என்று இரண்டு பேரும் சிரித்தோம். முட்டாள்கள்.

முதல் தடவை வயிற்றில் தங்கியபோது உம்மா என்னை வாயைத் திறக்க விடவில்லை. வயிறு வெளியே தெரியுமுன் சொன்னால் கண்ணூறு படுமாம். கிளினிக்கில் பதிந்தால் மிட்வைஃப் வீடு தேடி வருவார், தெரு முழுக்க அறிந்துவிடும். அதனால் போகவில்லை. நாலாம் மாதம் தொடங்கியதும் அது வீட்டிலேயே கலைந்துபோனது. அக்கம்பக்கத்தில் காய்ச்சல் என்று சொன்னோம்.

மறு வருடம் மீண்டும் தங்கியது. வயிறு தெரிந்த பிறகு கிளினிக்குப் போனோம். இது முதல் பிள்ளையா என்று டொக்டர் கேட்டார்.

"ஓம் டொக்டர், தலைப்புள்ளதான்," என்று உம்மா முந்திக்கொண்டாள். நானும் தலையாட்டினேன். என்னை யாரும் அடித்து ஆட்ட வைக்கவில்லை.

ஏழாம் மாத இரத்தப் பரிசோதனையில் எல்லாம் வெளியே வந்தது. என் இரத்தம் ஏற்கெனவே ஒரு பொஸிட்டிவ் பிள்ளையின் இரத்தத்தைக் கண்டு, அதை அழிக்கப் பழகியிருந்தது. இந்தப் பிள்ளையும் பொஸிட்டிவ், இப்போது இதன் இரத்தத்தை அழித்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னேன். கலைந்து மூன்று நாளைக்குள் வந்திருந்தால் ஒரு ஊசியோடு தடுத்திருக்கலாம் என்றார் டொக்டர். ஆஸ்பத்திரியில் காசில்லாமல் போடும் ஊசி.

மகன் மாதம் நிறையாமல், மஞ்சள் பூத்த உடம்போடு பிறந்தான். மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் இரத்தம் மாற்றினார்கள். மூன்றாம் நாள் மௌத்தாகிவிட்டான். மச்சான்தான் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்தார்.

வார்டில் உம்மா டொக்டரின் வழியை மறித்து நின்றாள். "அந்த ஊசிய இப்பயாவது என்ட புள்ளைக்குப் போடுங்களன்."

"இனி அது இவவுக்கு வேலை செய்யாது, உம்மா."

"அப்ப இனி வாற புள்ளைகளும் இப்பிடித்தானா?"

டொக்டர் பதில் சொல்லுமுன் உம்மாவை வெளியே போகச் சொன்னேன். சத்தம்போட்டுத்தான் சொன்னேன். அவள் செருப்பைக்கூடப் போடாமல் போனாள். எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை.