இன்னொரு தடவை ரத்தம்

அந்த வருடம் ஆடி கழிந்ததிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வலி என்று சொல்ல முடியாது. முட்டிக்குக் கீழே, ஆடுசதைக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருக்கும். எழுந்து நாலடி நடந்தால் போய்விடும். மறுபடி உட்கார்ந்தால் மறுபடி வரும். சாப்பிடும்போது வரும், விடைத்தாள் திருத்தும்போது வரும், படுத்தால் நிச்சயம் வரும்.

கீழ்வேளூரில் வீடு. அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் நான் சமூக அறிவியல் நடத்தும் அரசு உயர்நிலைப் பள்ளி. பஸ்ஸில் இடம் கிடந்தாலும் நான் நின்றுகொண்டே போவேன். தினம் பார்க்கும் கண்டக்டருக்கு அது பொறுக்கவில்லை. "ஏன் டீச்சர், சீட்டுல முள்ளா வெச்சிருக்கு?" என்று ஒருநாள் கேட்டே விட்டார். சிரித்து மழுப்பினேன். உட்கார்ந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன், பக்கத்தில் இருப்பவர் முறைப்பார் என்பதை எப்படிச் சொல்வது?

என் கணவர் மோட்டாருக்கு காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார். என் கோளாறுக்கு அவர் கண்டுபிடித்த காரணம் செல்போன். "அதக் கீழ வை, எல்லாம் சரியாப் போயிரும்" என்றார். நானும் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். கால் கேட்கவில்லை.

அவருக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. நான் அரிசி தின்றுகொண்டிருந்தேன். சோறு இல்லை, பச்சரிசி. அளந்து எடுக்கும்போது வாயில் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்வதில்தான் தொடங்கியது. பிறகு ஒரு பிடி. பிறகு கைப்பையில் ஒரு சின்ன டப்பாவில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துப் போனேன். பல்லுக்கு அடியில் நறுக்கென்று உடைந்து, மாவாகி, அந்தப் பால் வாசனை நாக்கில் இறங்கும்போது உடம்பு முழுக்க ஒரு நிமிஷம் அடங்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் தின்றேன். ஐந்து பீரியடு பேசிவிட்டு வந்து, யாரும் இல்லாத ஓய்வறையில் நின்றபடி அரிசி மென்றுகொண்டிருப்பேன். வெளியே யாராவது நடந்தால் விழுங்கிவிடுவேன்.

புரட்டாசி பிறந்த பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாடியில். பாதிப் படியில் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, யாருக்காகவோ காத்திருப்பவளைப்போல் கீழே எட்டிப் பார்ப்பேன். நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்கும். எங்கள் கணக்கு டீச்சர் அதை இரண்டு நாள் கவனித்துவிட்டு, மூன்றாம் நாள் என்னைச் சன்னல் பக்கம் இழுத்துப்போய்க் கண்ணின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தார்.

"என்னங்க டீச்சர், உள்ள துளி செவப்பு இல்ல. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. போயி ரத்தம் பாருங்க மொதல்ல."

அன்று வியாழக்கிழமை. வியாழன்தோறும் மதியச் சாப்பாடு முடிந்ததும் மாணவிகளுக்கு நீல நிறத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போம். வரிசையில் நிற்கவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லும் வேலை என்னுடையது. அன்றும் செய்தேன். மாத்திரைப் பட்டையைக் கிழித்துக்கொண்டிருந்த என் விரல் நகங்கள் எத்தனை வெளுத்துக் கிடந்தன என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை, பள்ளிக்குப் போகும் வழியில் கடைத்தெருவில் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். ஒற்றை அறை. ஒரு பெண்தான் எல்லாம். இருபத்தைந்து வயது இருக்கும். பட்டையை இறுக்கிக் கட்டி, என் முழங்கையின் உட்பக்கத்தைத் தட்டித் தட்டி நரம்பைத் தேடினாள்.

"அக்கா, கால ஆட்டாதீங்க. கையும் சேந்து ஆடுது."

"நான் ஆட்டலம்மா. அதுவா ஆடுது."

"எதையாச்சும் நெனச்சுக்கிட்டு இருங்க, செத்த நேரந்தான்."

எதை நினைப்பது? இடது கையில் கிடைக்கவில்லை, வலது கையில் கிடைத்தது. குழாயில் ஏறிய ரத்தத்தைப் பார்த்தேன். எனக்கு அது ரத்தமாகத்தான் தெரிந்தது. ரத்த அளவை மறுநாள் சொல்வதாகவும், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனைக்கு மீதியைத் தஞ்சாவூர் அனுப்புவதாகவும் சொன்னாள்.

மறுநாள் சனிக்கிழமை, ஆனால் பள்ளி உண்டு. இரண்டாம் பீரியடு முடியும்போது போன் வந்தது.

"அக்கா, லேப்லேருந்து பேசுறேன். இன்னொரு தடவ வந்து ரத்தம் குடுக்க முடியுமா? இன்னிக்கே வந்தா நல்லது."

"ஏம்மா? என்ன வந்திருக்கு?"

"ஒரு சந்தேகம்க்கா. திரும்ப போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன். நேர்ல வாங்களேன்."

அவ்வளவுதான். அவள் சொல்லாமல் விட்டதை நான் நிரப்பத் தொடங்கினேன். எங்கள் பள்ளியில் சமையல் பார்த்த அம்மா ஒருவர், இப்படித்தான் சோர்வு என்று ரத்தம் பார்க்கப்போய், ரத்தத்திலேயே புற்று என்று சொல்லி அவரை மதுரைக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வரவில்லை. அதை நினைக்கக் கூடாது என்று வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கணவருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. எங்காவது போர்செட்டுக்குள் இறங்கி இருப்பார்.

பஸ் போகும் வழியில்தான் என் அம்மாவின் ஊர். அங்கே இறங்க வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. நிற்கவும் முடியாமல், கம்பியைப் பிடித்துக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தேன். பஸ் அங்கே நின்றதும் இறங்கிவிட்டேன்.

அம்மா எங்கே இருப்பார் என்று தெரியும். குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஈரம் கூடுதலாக இருந்ததால் வாசல் களத்தில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். வானம் ஒருவாரமாகப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. ஊரே நெல்லோடு அங்கே குடியிருந்தது. என் அம்மா அந்த ஊர் வயல்களில் கூலிக்கு நடவு நட்டவர். இப்போது அதில் ஒன்றரை மா நிலம் எங்களுடையது. அப்பா இல்லை. அந்த நெல்லை அம்மா கைக்குழந்தையைப்போல் பார்த்துக்கொள்வார்.

தார்ப்பாய் ஓரத்தில் நின்று காலால் நெல்லைத் துழாவிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னா புள்ள, இந்நேரத்துல? இன்னிக்கி பள்ளிக்கோடம் இல்லியா?"

சொன்னேன். ரத்தம் கொடுத்ததை, மறுபடி கூப்பிட்டதை, கால் ஊர்வதை, படி ஏற முடியாததை. குரல் உடையாமல் சொல்லிவிடத்தான் நினைத்தேன். அரிசி தின்பதைச் சொல்லும்போது உடைந்துவிட்டது.

அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சின்ன வயதில் அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று கையைத் தட்டிவிடுவார். இப்போதோ, என் பக்கமாக நகர்ந்து வந்து, அடுத்த தார்ப்பாயில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"மாசாமாசம் அவ்ளோ படுதே ஒனக்கு, அத டாக்டர்ட்ட சொன்னியா?"

"டாக்டர்ட்டயே இன்னும் போவலம்மா."

"எத்தினி வருசமா அப்பிடி இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு ஆரம்பித்தது. ஏழெட்டு நாள் நிற்காது. அந்த நாள்களில் கறுப்புப் புடவை தவிர வேறு கட்டமாட்டேன். மூன்றாவது பீரியடு முடிந்ததும் கழிப்பறைக்கு ஓடுவேன். எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். யாரிடமும் கேட்டதில்லை. எனவே அப்படி இல்லை என்று யாரும் சொன்னதும் இல்லை.

அம்மா பக்கத்து நெல்காரரைக் கூப்பிட்டார். "தம்பி, மழ வந்தா என்னுதயும் இழுத்து மூடிரு. எம்பொண்ணோட டவுனு வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்."

"அம்மா, வேணாம். வானம் இருட்டுது. நான் போயிக்கிறேன்."

"வாய மூடு. வா."

தலையில் கட்டியிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காலில் ஒட்டிய நெல்தூசியோடு என்னோடு பஸ் ஏறினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தபோது என் கால் ஆடியது. அவர் தன் கையை என் முட்டியின் மேல் வைத்து அழுத்திக்கொண்டே வந்தார். நின்றபாடில்லை, ஆனாலும் கையை எடுக்கவில்லை.

பரிசோதனை நிலையத்துப் பெண் மறுபடி ரத்தம் எடுத்தாள். உள்ளே போய் இயந்திரத்தில் வைத்தாள். அது முனகி ஓடி நின்றது. வெளியே வந்தவள் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

"நேத்து மெஷின்தான் தப்பா காட்டுதோன்னு நெனச்சேங்கம்மா. அதனாலதான் திரும்ப வரச் சொன்னேன். இப்பவும் அதேதான். அஞ்சு புள்ளி எட்டு."

"எவ்ளோ இருக்கணும்?"

"பன்னண்டு இருக்கணும்மா பொம்பளைங்களுக்கு. இதுல பாதி கூட இல்ல. இத வெச்சுக்கிட்டு பஸ்ஸு ஏறி வேலைக்கிப் போயிருக்காங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பயப்படாதீங்கக்கா. மத்த அணுக்கள்லாம் சரியா இருக்கு. ரத்தம்தான் இல்ல. இன்னிக்கே டாக்டரப் பாத்துருங்க."

மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். மதுரைக்குப் போக வேண்டாம். என் கண்ணில் தண்ணீர் வந்தது. அதே நேரம் வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அம்மா வாசலில் போய் நின்றார். சாரல் அல்ல, கொட்டியது. நெல்காரர் எண்ணுக்கு என் போனில் அடித்துக் கொடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அம்மா உள்ளே வந்தார், வெளியே போனார், மறுபடி உள்ளே வந்தார். நாங்கள் இருவருமே அந்தச் சின்ன அறையில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நடந்தோம். "ரெண்டு பேரும் உக்காருங்களேன்" என்று அந்தப் பெண் சொன்னாள். இரண்டு பேருமே உட்காரவில்லை.

இதற்குள் கணவர் திரும்ப அழைத்து, கிளம்பி வருவதாகச் சொல்லியிருந்தார். "நீ ஊருக்குப் போம்மா. அவர் வந்துருவாரு" என்றேன்.

"நெல்லு நனைஞ்சா காயும்" என்றார் அம்மா. அதற்குப் பிறகு வாசலுக்குப் போகவில்லை.

கணவர் நனைந்துகொண்டே வண்டியில் வந்தார். மூவருமாக ஆட்டோ பிடித்துத் திருவாரூர் போனோம். அங்கே பார்த்த பெண் மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல் கேள்வி மாதவிடாய். இரண்டாவது கேள்விதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அரிசி, ஐஸ், சாக்பீஸ், இந்த மாதிரி எதாவது திங்கணும்போல இருக்கா?"

நான் தலையைக் குனிந்து, "அரிசி" என்றேன்.

"அடிப்பாவி" என்றார் என் கணவர். "எலின்னு நெனச்சு பொறி வாங்கி வெச்சிருக்கேன் டாக்டர்."

மருத்துவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், அழுதுகொண்டே. கால் ஊர்வதும் இரும்புச்சத்து இல்லாததால்தான் என்றார். உடம்பு இவ்வளவு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் இரண்டே கேள்வியில் கேட்டு எடுத்துவிட்டார்.

அன்றே தஞ்சாவூருக்கு அனுப்பினார். ஒரு பை ரத்தம் ஏற்றினார்கள். பிறகு சில வாரங்கள், கடுங்காப்பி நிறத்தில் இரும்பு மருந்தை டிரிப்ஸில் இறக்கினார்கள். வாயில் ஆணியைச் சப்பியதுபோல் ஒரு ருசி. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு கட்டி தெரிந்தது. கெட்ட கட்டி இல்லை. கோடை விடுமுறையில் எடுத்தார்கள். அரிசி ஆசை எந்த நாளில் போனது என்று தெரியவில்லை. ஒருநாள் கைப்பையைச் சுத்தம் செய்யும்போது டப்பா கையில் பட்டது. திறந்து காக்கைக்குப் போட்டுவிட்டேன். கால் அடங்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

அம்மாவின் நெல்லை நெல்காரர் மூடித்தான் இருந்தார். ஆனாலும் கீழே தண்ணீர் புகுந்து ஓரத்தில் முளைவிட்டுவிட்டது. அதைத் தனியே ஒதுக்கி மாட்டுக்குக் கொடுத்தார். மீதியை வெயில் கண்ட பிறகு காயவைத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்டார். என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. என் தங்கச்சி சொல்லித்தான் தெரியும்.

அடுத்த நடவு நேரத்தில், ஒரு காலையில் அம்மாவை இழுத்துக்கொண்டு அதே பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். "எனக்கு என்னா கேடு" என்று முனகிக்கொண்டே வந்தார். அந்தப் பெண் ஊசியை எடுத்ததும் கண்ணை மூடிக்கொள்ளாமல், ரத்தம் ஏறுவதைக் கடைசிவரை கூர்ந்து பார்த்தார். முடிவு தெரிய ஒரு மணி நேரம் ஆகும் என்றதும் எழுந்துவிட்டார். வயலில் ஆள் இறங்கியிருந்தது. "போன்ல சொல்லு" என்று பஸ் ஏறிப் போய்விட்டார்.

நான் காத்திருந்து வாங்கிக்கொண்டு அழைத்தேன். நடவுக்காரப் பெண்களின் பேச்சும் சிரிப்பும் தண்ணீர் அலம்பும் சத்தமும் கேட்டன.

"எவ்ளோ?" என்றார் அம்மா.

"ஒம்போதும்மா. கம்மி. மாத்தர சாப்புடணும்."

"ஒனக்கு அஞ்சுதானே வந்துச்சு?"

"அது வேறம்மா. ஒம்போதும் கம்மிதான். மாத்தர வாங்கி எடுத்துட்டு வரேன்."

"எம்பொண்ணவிட எனக்குக் கூடத்தான்" என்று பக்கத்தில் யாரிடமோ பெருமையாகச் சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், "சரி, வை. நாத்து வந்துருச்சு" என்றார். போன் நின்றது.

மருந்துக்கடையில் ஒரு மாதத்துக்கான மாத்திரை வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் போய் அம்மாவின் ஊர் பஸ்ஸுக்கு நின்றேன்.