எண்ணூர் சர்ச் சுவரில் நான் அடைத்த பெயர்

பிள்ளைகளே, போன ஞாயிறு காலை ஒன்பது பத்துக்கு நானும் ஏழாவது படிக்கிற என் மகள் கௌதமியும் ராயபுரம் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். எண்ணூருக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். ராயபுரம் ஸ்டேஷன் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். அதன் தூணை ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது.

"வெள்ளக்காரன் வூடு, சர்ச்சு எல்லாம் காட்றேன் வா" என்றுதான் அவளைக் கூப்பிட்டேன். உண்மையில் காட்ட நினைத்தது என் வேலையை. நான் பெயிண்டர். ஐந்து வருடத்துக்கு முன்னால் எண்ணூரில் ஒரு சின்ன சர்ச்சுக்குத் திருவிழாவுக்காகப் பெயிண்ட் அடித்தேன். திருவொற்றியூர் தாண்டும்வரை அந்தப் பெருமையைத்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

9.45. எண்ணூரில் ஆட்டோ எண்பது ரூபாய். கழிமுகத்துப் பக்கம் ஒரு பழைய பங்களாவைப் பார்க்க இறங்கினோம். காற்று வாங்க வந்த துரைமார் கட்டியதாம். இப்போது கூரை இல்லை. வளைவுகள் மட்டும் நிற்கின்றன. சன்னல் திட்டில் விரல் வைத்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஒட்டுகிறது.

"இன்னாண்ணா, இடிஞ்ச வூட்ட பாக்க காசு குட்த்து வந்துகீறீங்கோ? எங்க வூடும் இடிஞ்சுதான் கீது, வாங்கோ" என்றார் ஆட்டோக்காரர். கௌதமி சிரித்துவிட்டாள்.

10.30. சர்ச்சுக்குள் ஒரு அக்கா சுவரைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். பெயர் ஸ்டெல்லா, காசிமேடு என்றார். அங்கே ஒரு கல் பதித்திருந்தார்களாம். கப்பல் உடைந்தபோது செத்த துரைமார் பெயர் மேலே. அவர்களைக் காப்பாற்றப் போய்ச் செத்த கட்டுமரக்காரர் ஒருவரின் பெயர் தமிழில் கடைசி வரி. அவர் அக்காவின் முப்பாட்டனுக்கும் மூத்தவர்.

"எங்கப்பா செத்து முப்பதாம் நாள் பூசை வருது. கார்டுல அந்தப் பேரயும் போடணும்னு சொல்லிகினே செத்தாரு. பேரு இன்னான்னு எங்க யாருக்கும் தெரியாது. கல்லுலதான் இருந்துச்சு. எந்த கஸ்மாலமோ மொழுக்குனு பூசி வச்சிட்டுப் போயிருக்கான்."

அந்தக் கஸ்மாலம் நான்தான். எழுத்து என்று தெரிந்தேதான் அடைத்தேன். சுவர் மொழுக்கென்று இருந்தால்தான் மேஸ்திரி மெச்சுவார். எமரித் தாளால் தேய்த்து, பள்ளம் அடைக்கிற பட்டி வைத்து, மேலே ரோஸ் கலர் இரண்டு கோட்டிங்.

அக்கா பெயிண்ட் கறை படிந்த என் விரல்களைப் பார்த்தார். "நீ பெயிண்டரா நைனா? இத்த சொரண்டி எடுக்க முடியுமா?"

"முடியாதுக்கா. ரொம்ப இறுகிப் பூட்டிருக்கும்."

கௌதமி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். பெயர் எப்படியாவது தெரிந்தால் சொல்லச் சொல்லி, அக்கா சர்ச் காவல்காரரிடம் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

11.40. திரும்பும் ரயிலில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "நம்ம வூட்ல பட்டி சொரண்டுனியேப்பா. அது மட்டும் எப்படி வந்துச்சு?"

அடுத்த ஸ்டேஷன் கத்திவாக்கத்திலேயே இறங்கிவிட்டோம். ஹார்டுவேர் கடையில் தின்னர், சுரண்டும் தகடு, பழைய பிரஷ் ஒன்று. எல்லாம் இருநூற்றுப் பத்து ரூபாய். சர்ச்சுக்குத் திரும்பி, காவல்காரரிடம், "நாந்தான் பூசுனவன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சொரண்டு" என்று மட்டும் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

மாலை 4.15. துரைமார் பெயரெல்லாம் ஆழமாக வெட்டியிருந்ததால் பளிச்சென்று வந்தன. கடைசி வரியை மட்டும் மேலோட்டமாகக் கீறியிருந்தார்கள். அதை அன்றைக்கு என் எமரித் தாளே தின்றிருந்தது. நடுவில் இரண்டு எழுத்துதான் மிச்சம்.

காவல்காரரிடம் நம்பர் வாங்கி அக்காவுக்குப் போன் போட்டேன். பூசினது நான், காலையில் சொன்னது பொய், இப்போது இரண்டு எழுத்துதான் மிச்சம் என்றேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"இன்னா எழுத்து அது?" என்று மட்டும் கேட்டார் அக்கா.

கௌதமி என் கையிலிருந்து போனை வாங்கி, சுவரருகே குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்.